வரிசையை விலைக்கு வாங்குவோர்

வரிசை என்னும் சொல் பழையது; அதற்கு இன்று நாம் வழங்கும் பொருளோ புதியது. பண்டைத் தமிழில் வரிசை என்றால் தகுதி. தகுதி நோக்கித் தரும் சிறப்பு. புலவர்தம் வரிசையறிந்து பரிசில் நல்கிய மன்னரைப் பழம்பாடல்கள் புகழ்கின்றன. பின்னர் அச்சொல் கோயிலுக்குள் நுழைந்தது. இன்னாருக்கு முதல் மாலை, இன்னாருக்கு இரண்டாம் மாலை என்று மரியாதைக்கு ஏணி கட்டியது. மணவீட்டில் புகுந்து சீர்வரிசை ஆயிற்று. எங்கே சென்றாலும் அது செய்த வேலை ஒன்றே: மேலே நிற்பவர் யார், கீழே நிற்பவர் யார் என்று காட்டுவது!

இன்றோ, நெல்லைச் சந்திப்பு இரயில் நிலையத்தில், காலை பத்து மணித் தட்கல் சீட்டுக்காக விடியுமுன் வந்து நிற்கும் கூட்டத்தில் ஒருவர், "ஐயா, வரிசையில் வாங்க" என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலில் குலம் இல்லை, கோத்திரம் இல்லை. முன்னே வந்தவர் முன்னே நிற்க, பின்னே வந்தவர் பின்னே நிற்க வேண்டும் என்பதற்கு மேல் அதற்கு வேறு பொருளில்லை. உயர்வு தாழ்வைக் குறிக்கப் பிறந்த சொல், உயர்வு தாழ்வு பாராமையைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்ட விந்தையைப் பாருங்கள்!

சொல் தானாக மாறவில்லை. மக்கள் மல்லுக்கு நின்று மாற்றினர். பொருநைக் கரையிலேயே அதற்குச் சான்று உண்டு. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு படைக்கப்பட்டது என்ற செய்தி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கிற்று. நாட்டு விடுதலைக்கு இளைஞரை ஆயத்தம் செய்ய எழுந்த நிலையத்தில் சோற்றுக்கு இரண்டு பந்தியா என்று வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி, பின்னர் எழுந்த பல கேள்விகளுக்குத் தாயாயிற்று. ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து, 1956இல், அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராசர் பள்ளிப் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்தில் இரண்டாம் பந்திக்கு இடமே இல்லை. சேரன்மாதேவிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே உள்ள தொலைவைக் கல்லெண்ணி அளக்கலாகாது. வரிசை என்ற சொல் பழைய பொருளைக் கழற்றிப் புதிய பொருளை உடுத்துக்கொள்ள நடந்த தொலைவு அது.

இவ்வளவு பாடுபட்டுப் பொருள் மாற்றிய சொல்லை, மறுபடியும் பழைய பொருளுக்கே இழுத்துச் செல்லும் பண்டம் ஒன்று இப்போது அங்காடியில் விற்கிறது. உயர்தரக் கடன் அட்டைகளோடு சேர்த்துத் தருகிறார்கள். கான்சியர்ஜ் சேவை என்று பெயர். நம் பள்ளத்தாக்கில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் கைநிறையச் சம்பாதிக்கும் தோழர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வரும்போது, அவர்கள் பேச்சில் இச்சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. எந்த அட்டையின் கான்சியர்ஜ் சிறந்தது என்பதில் அவர்களுக்குள் வழக்கும் எதிர்வழக்கும் நடக்கின்றன. ஆதலால் அந்த வழக்கில் நாமும் ஒரு வாய் பேசலாம் என்று துணிகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் அது வாயில் காப்போனைக் குறிக்கும் சொல். பாரிசு நகரத்துப் பழைய அரண்மனையின் ஒரு பகுதி அப்பெயரால் கான்சியர்ஜரி எனப்பட்டுச் சிறையாக மாறியது. 1793இல் அரசி மாரி அந்துவானெத்துவைக் கொலைக்களம் கொண்டுபோகுமுன் அடைத்து வைத்தது அங்கேதான். சிறையோடு ஒட்டிய பெயர் இன்று செல்வர் சேவைக்குப் பெயராக இருக்கிறது! பின்னாளில் பெரிய விடுதிகளின் முகப்பில் நின்று, விருந்தினர் கேட்டதை ஏற்பாடு செய்து தருபவருக்கு இப்பெயர் நிலைத்தது. அவர்களுக்கென 1929இல் பாரிசில் ஒரு சங்கமும் தோன்றியது. சட்டையின் மேல்மடிப்பில் குறுக்கிட்ட இரண்டு பொற்சாவிகளை அணிந்திருப்பார்கள். அந்த மனிதருக்கு முகம் இருந்தது. நன்றி சொன்னால் அவர் காதில் விழுந்தது. கடன் அட்டைக்காரருடைய கான்சியர்ஜுக்கு முகம் இல்லை. நாள் முழுதும் இரவு முழுதும் விழித்திருக்கும் ஒரு தொலைபேசி எண்தான் உண்டு.

இனி அட்டைகள். எச்.டி.எஃப்.சி. வங்கியின் இன்ஃபினியா அட்டை, அழைப்பின் பேரில் கொடுக்கப்படுவது. ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாய், வரி தனி. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பிளாட்டினம் அட்டைக்கோ ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்குக் குறையாமல் கட்ட வேண்டும். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் முதலியனவும் இந்த அங்காடியில் உண்டு. எல்லாரும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றே. பயணத் திட்டம் வகுத்துத் தருவோம். உணவகத்தில் மேசை பிடிப்போம். கோல்ஃப் திடலில் நேரம் வாங்குவோம். பூங்கொத்தும் பரிசும் அனுப்புவோம். விமான நிலையத்தில் எதிர்கொண்டழைத்து அழைத்துச் செல்வோம். வேறுபாடு எங்கே? ஒன்று விரைந்து பேசுகிறது, ஒன்று காக்க வைக்கிறது. ஒன்று கேட்ட தகவலைத் திரட்டித் தருகிறது, ஒன்று இணையத்தில் நீங்களே பார்த்திருக்கக்கூடியதை மின்னஞ்சலில் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவுக்கும் வங்கிகள் பல இவ்வேலையைத் தாமே செய்வதில்லை. அதற்கென்றே நடக்கும் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இலண்டனில் 1998இல் தோன்றிய டென், 2000இல் தோன்றிய குவின்டசென்ஷியலி போன்றவை அத்தகையன. அட்டையில் பொறித்த பெயர் ஒன்று; பேசும் குரலுக்குக் கூலி கொடுப்பவர் பெயர் வேறொன்று.

எது சிறந்தது என்று நம் தோழர்கள் கேட்கும் கேள்வியைச் சற்றே திருப்பிப் போட விரும்புகிறோம். கான்சியர்ஜ் செய்வதெல்லாம் ஒரே வகையான வேலையா? அல்ல என்பது நம் கருத்து. சில வேலைகளில் எந்தப் பழியும் இல்லை. அயலூரில் நோயுற்றவருக்கு மருத்துவர் யார் என்று விசாரித்துச் சொல்வதும், தொலைந்த பயணச் சீட்டுக்கு மாற்றுவழி தேடுவதும், மொழி தெரியாத நாட்டில் நமக்காகப் பேசுவதும் நல்ல தொழில்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லி, அதற்குக் கூலி வாங்குகிறார். வழிகாட்டியும் எழுத்தரும் செய்துவந்ததே அது. அங்கே யாருக்கும் நட்டமில்லை.

சிலவற்றில் நட்டம் உண்டு. ஆனால் அது ஏவியவருக்கே நேரும் நட்டம். அமெரிக்கன் எக்ஸ்பிரசின் கறுப்பு அட்டையைப் பற்றி ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. செல்வர் ஒருவரின் பிள்ளைக்குப் பள்ளியில் செயற்பாடு ஒன்று கொடுத்தார்களாம். அதற்குச் சாக்கடலின் கரையிலிருந்து ஒரு பிடி மண் வேண்டுமாம். தந்தை தொலைபேசியை எடுத்தார். ஆள் போய் அள்ளி வந்தது! அட்டையின் பெருமை பாடுவோர் இதைச் சொல்லிச் சொல்லி வியக்கின்றனர். பள்ளியில் வேலை பார்க்கும் நமக்கோ வியப்பு வரவில்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பைப் பற்றி எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் பேருந்தேறிப் போய், பரம்பின் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, செம்மண் ஒட்டிய காலோடு வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் எழுதும் கட்டுரையில் பிழை இருக்கும், கால் இருக்கும். அந்தச் செல்வப் பிள்ளையின் மேசைக்கு மண் வந்தது, கடல் வரவில்லை. அன்னையின் பிறந்தநாளை நினைவில் வைத்திருக்கும் வேலையையும் அதே குரலிடம் ஒப்படைப்பவர் உண்டு. அவர்களை நாம் வையப்போவதில்லை. இழப்பு அவர்களுடையது, இரங்குவதோடு நிறுத்திக்கொள்வோம்.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. விளம்பரத்தில் முன்னே நிற்பதும் அதுவே. நாம் வழக்குரைக்க வந்ததும் அதன்மீதே. பிறருக்குக் கிடையாத இடத்தை உங்களுக்கு வாங்கித் தருவோம் என்பது அது. விமான நிலையத்துத் தனியறைகளுக்கு வழிவிடும் பெயர்பெற்ற சீட்டொன்றின் பெயரே பிரயாரிட்டி பாஸ், முன்னுரிமைச் சீட்டு! ஒளிவு மறைவில்லாமல் உண்மையைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் பாராட்டலாம்.

இந்த முன்னுரிமை எங்கிருந்து வருகிறது என்று ஆராயுங்கள். தனியறையென்றால் புதிதாகக் கட்டிவிடலாம். அதனால் வெளியே அமர்ந்திருப்பவரின் நாற்காலி போகாது. மேசையும், அரங்கின் இருக்கையும், மருத்துவரின் நேரமும் அப்படியா? அவை எண்ணிக்கைக்கு உட்பட்டவை. முப்பது மேசை உள்ள உணவகத்தில் ஐந்தை அட்டைக்காரருக்கென்று எடுத்துவைத்தால், வீதியில் நிற்பவருக்கு இருபத்தைந்துதான் மிஞ்சும். இது கற்பனைக் கணக்கன்று என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறோம். உணவக மேசைகளை முன்பதிவு செய்யும் ரெசி என்ற நிறுவனத்தை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019இல் விலைக்கு வாங்கியது. அதே தொழில் செய்த டாக் என்ற நிறுவனத்தையும் 2024இல் வாங்கியது. தன் உயர்தர அட்டைக்காரருக்கென மேசைகளை ஒதுக்கி வைக்கிறது. நிறைந்த உணவகத்தில் ஓரிடம் ஒழிந்தால் அவர்களுக்கு முதலில் தெரிவிக்கிறது. வரிசையில் ஓரிடம் வாங்கியதோடு நிற்கவில்லை. வரிசை எழுதும் பேரேட்டையே வாங்கிவிட்டது!

நம் ஊருக்கு வருவோம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில், மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையை அறியாதவர் இல்லை. மங்கிய விளக்கு, முன்னே கூட்டம். ஆலைத் தொழிலாளியும் அங்கே நிற்கிறார். அயல்நாட்டிலிருந்து வந்தவரும் நிற்கிறார். சென்னையில் அட்டைக்காரர் ஒருவர் கான்சியர்ஜை அழைத்து, நாளை விருந்துக்கு இருட்டுக்கடை அல்வா வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குரல், ஆகட்டும் என்கிறது. காத்திருக்கும் வேலை அதனால் காற்றில் கரைந்து போயிற்றா? இல்லை. எங்கோ ஒரு குரல் இன்னொரு குரலை அழைக்க, அது ஒரு முகவரை அழைக்க, அவர் ஒரு பையனை அனுப்ப, கடைசியில் கீழ ரத வீதியில் இரண்டு கால்கள் நிற்கின்றன. செல்வரின் ஒரு மணி நேரம் பிழைத்தது. பையனின் ஒரு மணி நேரம் செலவாயிற்று. ஆயினும் இந்த ஏற்பாட்டைக் கூட நாம் பொறுத்துக்கொள்வோம். அந்தப் பையன் வரிசையில் நின்றான், தன் முறை வந்தபோது வாங்கினான், கூலியும் பெற்றான். கூலி நியாயமானதா என்பது தொழிலாளர் வழக்கு. அது தனியே பேசப்பட வேண்டியது. கடையின் பின்கதவு தட்டப்பட்டுப் பொட்டலம் கைமாறுமானால் மட்டும் பொறுக்க மாட்டோம்.

ஏன் பொறுக்கக் கூடாது என்பதற்குப் பொருநைப் பாசனமே பாடம் சொல்கிறது. கன்னடியன் கால்வாய் முதல் திருவைகுண்டத்துக் கால்வாய்கள் வரை, நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது இங்கே வழக்கம். முறை என்ற சொல்லைக் கவனியுங்கள். மாறி மாறி வருவதும் முறை, நீதியும் முறை. வள்ளுவர் அரசனின் நீதிக்கு ஆளும் சொல் அதுவே. தலைமடையில் ஒருவன் நள்ளிரவில் முறை தவறி மடையைத் திறந்தால், அவன் கண்ணுக்கு முன்னால் யாரும் வாடுவதில்லை. அவன் பக்கத்து வயலில் நீர் நிற்கிறது. அடுத்த வயலிலும் நிற்கிறது. எல்லோருக்கும் ஒரு விரற்கடை குறைந்திருக்கும், அவ்வளவே. அந்த விரற்கடைகள் எல்லாம் சேர்ந்து கடைமடையில் ஒரு வயலைக் காய வைக்கின்றன. அந்த வயலுக்குரியவன் யாரென்று மடை திறந்தவனுக்குத் தெரியாது. தன் பயிரைக் கொன்றவன் யாரென்று அவனுக்கும் தெரியாது. முன்னுரிமைச் சேவை என்பது இந்த நள்ளிரவு மடையேதான். அதை நடுப்பகலில், மாதிரிப் படத்தோடு, ஆண்டுக் கட்டணத்துக்கு விற்கிறார்கள். அட்டைக்காரர் கொடியவர் அல்லர், நல்லவராகவே இருப்பார். அவர் செய்த தீங்கு அவர் கண்ணில் படாதபடி அமைத்துக் கொடுப்பதுதான் அந்தச் சேவையின் திறமை.

மறுப்புகள் வரும். பிறப்பைக் கேட்ட வாயில் அன்று இருந்தது. இந்த வாயில் பணத்தைத்தானே கேட்கிறது, உழைத்துப் பொருளீட்டிய எவரும் நுழையலாமே, இதையும் சேரன்மாதேவியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பர். வைக்க மாட்டோம். பிறவியால் பூட்டிய கதவுக்குச் சாவியே கிடையாது. பணத்தால் பூட்டிய கதவுக்குச் சாவி உண்டு. அந்த வேறுபாடு பெரிது. அதை மறைப்பது அறமாகாது. ஆனால் அழைப்பின் பேரில் மட்டும் கிடைக்கும் அட்டைக்கு அழைப்பு எந்த வீட்டு வாசலுக்கு வருகிறது? எந்தத் தெருவில் பிறந்தவன் மகன் எந்தப் பள்ளியில் படித்து எந்தச் சம்பளத்தை எட்டுகிறான்? பழைய ஏணியில் மேலே நின்றவர் பலர் புதிய ஏணியிலும் மேற்படியிலேயே காலூன்றத் தொடங்குகின்றனர் என்பதை நம் ஊர்த் தெருக்களே சொல்லும். கதவு வேறு, உள்ளே அமர்ந்திருப்போரில் பழைய முகங்கள் குறைவல்ல.

முன்னுரிமையே கூடாதென்றால் நோயாளிக்கும் கூடாதோ என்பர். நன்றாகக் கேட்டார்கள்! பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனையில், விபத்தில் அடிபட்டு வந்தவரை, சளிக்கு மருந்து வாங்க முன்னரே வந்து நின்றவருக்கு முன்னால் தூக்கிச் செல்கிறார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. வரிசையில் நிற்பவர்களே வழிவிடுகிறார்கள். தேவை பெரிதென்றால் முறை வழிவிடும். நம் பள்ளியின் மதிய உணவு வரிசையில், தண்ணீர்க் குடம் தூக்கப் போன பிள்ளை திரும்பி வந்தால் பழைய இடத்தில் நிற்க விடுவார்கள். மிட்டாய் கொடுத்து இடம் கேட்பவனை விட மாட்டார்கள். எட்டு வயதுக்குத் தெரிகிற இந்த வேறுபாடு, வங்கியின் விளம்பரத் துறைக்கு விளங்காமல் போவதேன்?

வேலை கிடைக்கிறதே என்பர். கிடைக்கிறது, அதை நாம் இகழவில்லை. நாளை நம் மாணவர் சிலரே காதில் கருவி மாட்டி அந்தக் குரலாக அமரக்கூடும். வழி சொல்லும் வேலையும் தேடித் தரும் வேலையும் அவருக்கு இருக்கட்டும். பின்கதவு திறக்கும் வேலை மட்டும் இல்லாமற்போனால் அவர் பட்டினி கிடக்க மாட்டார். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: இந்தச் சேவையின் செலவு முழுவதும் ஆண்டுக் கட்டணத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு முறை அட்டை தேய்க்கப்படும்போதும் நூற்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய், சில அட்டைகளுக்கு அதற்கும் மேல், கடைக்காரர் கழிவாகக் கொடுக்கிறார். கொடுத்ததைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடுகிறார். ஆக, அட்டை இல்லாமல் ரொக்கம் கொடுத்துச் சோப்பு வாங்கும் தாயும் அந்தத் தொலைபேசிக் குரலுக்குச் சிறு கூலி கொடுக்கிறாள். தன்னைப் பின்னே தள்ளும் வேலைக்குத் தானே பங்கு கட்டுகிறாள்!

கடைசியாக நம் தோழரைப் பார்த்து ஒரு வார்த்தை. திருச்செந்தூரில் கட்டணத் தரிசனம் என்றால் நாம் நகைக்கிறோம். திருமலையில் 300 ரூபாய்க்குச் சிறப்பு நுழைவென்றால், ஆண்டவன் சந்நிதியிலும் காசுக்கு ஒரு வாயிலா என்று மேடையேறிக் கேட்கிறோம். கேட்க வேண்டியதே. ஆனால் கோயில் அந்த விலையைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறது. இலவச வரிசையில் நிற்பவருக்கு, தமக்கு முன்னால் போகிறவர் எதனால் போகிறார் என்று தெரிகிறது. உணவகத்தின் வாசலில் அப்படிப் பலகை இல்லை. இடமில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். ஒதுக்கி வைத்த மேசை உள்ளே வெறுமையாகக் கிடக்கிறது. சாமிக்கு முன்னால் குறுக்கே போவதைக் கண்டிக்கும் பகுத்தறிவு, சாம்பாருக்கு முன்னால் குறுக்கே போகும்போது உறங்கிவிடலாமா?

அட்டையை முறித்தெறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கையில் இருந்தால் இருக்கட்டும். வழி தெரியாத ஊரில் வழி கேளுங்கள். வண்டி தவறினால் அடுத்த வண்டி எது என்று கேளுங்கள். ஆனால் என்றேனும் ஒருநாள் அந்தக் குரல், "எல்லா இடமும் நிறைந்துவிட்டது, ஆயினும் தங்களுக்காக ஒன்று ஏற்பாடு செய்துவிட்டோம்" என்று சொல்லுமானால், ஏற்றுக்கொள்ளுமுன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அது யாருக்குச் சேர வேண்டிய இடம்? குரல் சற்று நேரம் பேசாதிருக்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.